வண்டி வரும்வரை



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் முதல் கால் மணி நேரம் நிறுவியவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் ஐயா அதற்குத் தடை போட்டுவிட்டார். மேடையில் தம் பெயரையே சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நாற்கரச் சாலையில் மகனைப் பறிகொடுத்தவர் என்பதை மட்டும் சொல்ல அனுமதித்திருக்கிறார். பணம் கட்டிய அன்று அவர் சொன்னது இது: "ஹெல்மெட் போடு, மெதுவாப் போன்னு சொல்லப் போலீஸ் இருக்கு டாக்டர். அடிபட்டு விழுந்ததுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவுல ஒரு நேரம் கிடக்குல்லா, அதைப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்ல. நீங்க அதைப் பேசுங்க."

அந்த நேரத்தின் கடைசிக் காட்சியை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து நிற்கும். பின்சீட்டில் அடிபட்டவர் குறுக்கே மடங்கிக் கிடப்பார். இடம் போதாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் அவர் தலையைத் தன் மடியில் தாங்கி நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர் கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். வழியெல்லாம் வாயில் ஊற்றிக்கொண்டே வந்திருப்பார். இரண்டு பேரும் அடிபட்டவருக்கு உறவுகூட இல்லை. பெட்டிக்கடையில் நின்றவர்கள், ஓடிவந்து தூக்கியவர்கள். சட்டையெல்லாம் ரத்தம், கண்ணெல்லாம் கண்ணீர். ஆள் பிழைத்துக்கொள்வாரா என்று என் கையைப் பிடித்துக் கேட்பார்கள்.

மடி, தண்ணீர், அள்ளிக்கொண்டு ஓடுவது. நம் ஊரில் இவை மூன்றும் அன்பு. தாய் பிள்ளைக்குச் செய்வது. இவற்றைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் இவற்றால் ஆள் செத்துப்போவதைப் பார்த்த பிறகு சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நினைவில்லாமல் கிடப்பவரின் நாக்கு ஒரு தசைப்பிண்டம். பிடிப்பு விட்டதும் அதன் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அவர் தலையை மடியில் உயர்த்தி வைத்தால் மோவாய் நெஞ்சில் போய் முட்டும். தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நிற்கிற மாதிரி மூச்சு நின்றுவிடும். வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்க அவரால் முடியாது. அது நுரையீரலுக்குப் போகும். நினைவோடு இருப்பவர் குடித்தாலும் வயிற்றுத் தண்ணீர் பின்னால் வம்பு செய்யும். அறுவை மேசையில் மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். கையிரண்டு காலிரண்டைப் பிடித்து அள்ளித் தூக்கும்போது கழுத்து தொங்கி ஆடுகிறது. கழுத்து எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியிருந்தவர், அந்த ஆட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் படுக்கையோடு போய்விடலாம்.

ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்கிறார்கள். ஒரு கையேட்டில் இதை "முதல் பதிலளிப்பாளர்" என்று தமிழ்ப்படுத்தியிருந்தார்கள். பதில் சொல்ல அங்கே கேள்வி கேட்டது யார் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் "முத ஆளா ஓடினான்" என்று சொல்வோம். அந்தச் சொல் போதும். இன்றைக்கு என் பேச்சு முழுக்க அந்த முதல் ஆளைப் பற்றித்தான்.

108 வண்டி முதல் ஆள் அல்ல, இரண்டாவது ஆள். 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தொடங்கிய அந்தச் சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் மீன் லாரியிலும் செங்கல் டிராக்டரிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். இன்று பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் பின்னால் ஈஎம்டி எனப்படும், பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருகிறார்கள். ஆனால் எவ்வளவு விரட்டி வந்தாலும் வண்டி வரச் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும். மூச்சும் துடிப்பும் நின்ற உடம்பில் மூளை நாலு முதல் ஆறு நிமிடத்தில் கெடத் தொடங்குகிறது. தொடையின் பெரிய தமனி அறுந்தால் அதைவிடக் குறைவான நேரத்தில்கூட ஆள் வடிந்துபோவார். பெரியவர் உடம்பில் மொத்தமே 5 லிட்டர் அளவு ரத்தம்தான். வண்டி வரும்வரை உள்ள அந்த இடைவெளி பக்கத்தில் நிற்பவருக்குச் சொந்தம். அவர் பெட்டிக்கடைக்காரர், டோல்கேட் ஊழியர், நுங்கு விற்கும் அம்மா, பஞ்சர் ஒட்டும் பையன்.

இவர்களுக்கு மருத்துவம் கற்றுத்தர முடியுமா என்று என் சக மருத்துவர்களே கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு வெளியூர்க் கதை சொல்வதுண்டு.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு எஃகு நகரம். 1960களின் நடுவில் அங்கே யாராவது மயங்கி விழுந்தால் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த நாட்டின் பல ஊர்களில் சவ ஊர்தி வைத்திருந்தவர்கள்தான் ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள். ஆளைப் படுக்கவைக்கத் தோதான நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. (நோயாளி பிழைத்தாலும் வாடகை, பிழைக்காவிட்டாலும் வாடகை.) வியன்னாவில் பிறந்த பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர் அந்த நகரத்துக்கு வேலைக்கு வந்தார். வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சு கொடுக்கலாம் என்பதை 1950களில் பரிசோதித்து நிறுவியவர்களில் ஒருவர். 1966 நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு தேர்தல் கூட்டத்தில் மாரடைப்பால் சரிந்தார். மருத்துவமனையில் சஃபார் துடிப்பை மீட்டார். மூளை மீளவில்லை. சில நாள் கழித்து லாரன்ஸ் இறந்துபோனார். மாநிலத்தையே ஆண்டவருக்கும் வழியில் கிடைத்தது அந்தப் போலீஸ் வேன்தான். அதே ஆண்டு சஃபாரின் சிறுமகள் ஆஸ்துமாவில் இறந்திருந்தாள்.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் பகுதியில், வேலை கிடைக்காமல் தெருவில் நின்ற ஆட்களைச் சேர்த்தார்கள். சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். அவர்களுக்கு 300 மணி நேரம் பயிற்சி. உடற்கூறு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்குவது, சலைன் ஏற்றுவது எல்லாம் உண்டு. ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் என்று பெயர். 1968இல் தெருவில் இறங்கினார்கள். பிறகு நான்சி கரோலின் என்ற பெண் மருத்துவர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராகி, ராத்திரியில் அவர்களோடு வண்டியிலேயே சுற்றினார். அவர் எழுதிய பாடநூல் அந்த நாட்டின் பாராமெடிக்குகளுக்கு அடிப்படை நூலானது. மாநகராட்சி 1975இல் ஒப்பந்தத்தை முடித்துத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கிக்கொண்டது. ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களில் பலர் அதில் நிலைக்க முடியாமல் ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் கசப்பையும் சேர்த்தே கதையைச் சொல்ல வேண்டும். ஆனாலும் கைவேலையைக் கற்றுக்கொள்ளச் சான்றிதழ் தேவையில்லை என்பதற்கு அந்த ஏழெட்டு ஆண்டுகளே எனக்குப் போதும்.

கைவேலை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நெஞ்சை அமுக்கித் துடிப்பைக் காக்கும் முறை ஒரு மின்பொறியாளரின் கூடத்தில் பிறந்தது. மின்கம்பத்தில் ஷாக் அடித்துச் சாகும் தொழிலாளிகளைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்தார் வில்லியம் கூவன்ஹோவன், பால்டிமோரில். 1958இல் அவரிடம் ஆய்வு செய்த கை நிக்கர்பாக்கர் (பெயரிலேயே கை இருக்கிறது பாருங்கள்) ஒரு விஷயத்தைக் கவனித்தார்: இதயம் நின்றுபோன நாயின் நெஞ்சில் மின்தகட்டை அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. தகட்டின் அழுத்தத்தையே கையின் அழுத்தமாக்கினார்கள். 1960இல் ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பழகுவதற்கான பொம்மையைச் செய்தவர் நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த அஸ்முண்ட் லேர்டால்.

இனி அந்தக் கைவேலை. ஒருவர் விழுந்துகிடக்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள். இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. துடிப்பு நின்ற பிறகும் சில நேரம் வாய் திறந்து திறந்து மூடும், குறட்டை போல ஒரு கேவல் வரும். கரையில் போட்ட மீனைப் பார்த்திருப்பீர்கள். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கூட்டம் சந்தோஷப்படும். அது மூச்சு அல்ல. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் போன உயிர்கள் பல.

ஒருவர் 108க்குப் பேசட்டும். நீங்கள் மண்டி போடுங்கள். கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்கிவிடுங்கள். மெத்தைமேல் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே அடுத்த கை. முழங்கை மடங்கக் கூடாது. தோள் கைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அம்மியில் அரைக்கிற மாதிரி இடுப்பிலிருந்து எடை வர வேண்டும். 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6க்கு மிகாமல் நெஞ்சு உள்ளே போய், முழுதாக மேலே வர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டாம்; விலா கூடிவிடும்.

எண்ணுவதில் ஒரு சங்கதி. 30 வரை எண்ணச் சொல்லிக் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். பத்து வரை வேகம் சரியாக இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு என்று போகும்போதே கை தளரும். இருபத்தொன்பதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போயிருக்கும். நம் எண்கள் நீளம். இதயத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இப்போது ஒண்ணு, ரெண்டு என்று பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். பயிற்சி பெற்றவர் என்றால் 30 அமுக்கலுக்குப் பிறகு 2 மூச்சு. மூச்சு கொடுக்கத் தெரியாதவர், தயங்குபவர், அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் மூச்சு மிக முக்கியம். மூழ்கியவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும் சினிமாவோடு விட்டுவிடுவோம். இரண்டு நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும்; நீங்களே உணர்வதற்கு முன் அமுக்கும் ஆழம் குறைந்துவிடும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள்.

மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதே பெரிய வைத்தியம். விபத்தில் அடிபட்டவர் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் மரத்தடியை உருட்டுகிற மாதிரி உடம்பை ஒரே துண்டாகத் திருப்ப வேண்டும். வண்டியில் தீ, மேலே இன்னொரு வாகனம் வரும் ஆபத்து என்றால் ஒழிய, கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ரத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980களில் நான் ஹவுஸ் சர்ஜன். ஊர் வேண்டாம். வாழைத் தோட்டத்தில் அரிவாள் வழுக்கித் தொடையில் இறங்கிய ஒருவரை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்தார்கள். கூட வந்த அண்ணன் ஒரு துண்டைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். துண்டு சிவப்பாகி விளிம்பில் கறுத்துக் காய்ந்திருந்தது. காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் ஆசையில், "கையை எடுங்க" என்று அதட்டித் துண்டை உருவினேன். பீய்ச்சி அடித்த ரத்தம் என் கண்ணாடியை நனைத்தது. எனக்குக் கை ஓடவில்லை. அங்கே இருந்த சிஸ்டர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஒரு பஞ்சுப் பொதியை வைத்து முழங்கை நிமிர அமுக்கினார். "பாக்குறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு சார். மொதல்ல அமுக்குங்க" என்றார். ஆள் பிழைத்தார். தையல் முடிந்து நான் வெளியே வந்தபோது அந்த அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் டம்ளரைப் பிடிக்க அவர் விரல்கள் விரியவில்லை. ஒரு விரலாக நீவி நீவிப் பிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரமும் கையை மாற்றவே இல்லை.

அவர் செய்ததுதான் பாடம். சுத்தமான துணி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கிடைத்த துணி. விடாமல் அமுக்க வேண்டும். நனைந்தால் மேலே இன்னொரு துணி வைக்கலாம். முதல் துணியை எடுத்தால், உறைந்துகொண்டிருக்கும் ரத்தமும் சேர்ந்து பெயர்ந்துவரும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். கையிலோ காலிலோ அமுக்கியும் நிற்காமல் பீறிட்டால் மட்டும் கட்டு. காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், அகலத் துணியைச் சுற்றி முடிச்சுக்குள் ஸ்பானரையோ கட்டைக் குச்சியையோ செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கயிறும் கம்பியும் சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைப் பேனாவால் நெற்றியிலேயே எழுதிவிடுங்கள். இடையில் தளர்த்திப் பார்க்கக் கூடாது. இந்தக் கட்டைப் பாம்புக்கடிக்குப் போடுவதுதான் நம் ஊரின் தீராத வழக்கம். அங்கே அது கேடு. கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். அதைத் தேடப் போய்க் கடிபட்ட இரண்டாவது ஆளுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். தீப்புண்ணுக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். பற்பசையும் இங்க்கும் தோசைமாவும் எங்களுக்குச் சுரண்டும் வேலையைத்தான் தருகின்றன. வலிப்பு வந்தவர் கையில் சாவி திணிக்க வேண்டாம், வாயில் எதையும் செருக வேண்டாம். தலை அடிபடாமல் பார்த்து, வெட்டு நின்றதும் ஒருக்களித்து விடுங்கள். நெஞ்சுவலிக்குச் சோடா குடித்து "கேஸ்" போகக் காத்திருக்கும் நேரம் இதயத் தசை சாகும் நேரம். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். கழிவுநீர்த் தொட்டியிலோ பாழுங்கிணற்றிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால் இறங்காதீர்கள். ஒருவரைத் தூக்க ஒருவர், அவரைத் தூக்க இன்னொருவர் என்று ஒரே வீட்டுப் பிணங்கள் வரிசையாக வந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

108க்குப் பேசும்போது முதலில் இடம் சொல்லுங்கள். "பாலம் தாண்டி" என்றால் எந்தப் பாலம்? நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லில் எண் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இல் பேசும்போதும் அந்தக் கல்லின் எண் உதவும். அவர்கள் வைக்கும்வரை போனை நீங்கள் வைக்காதீர்கள். ஒருவர் திருப்பத்தில் போய் நின்று வண்டிக்குக் கைகாட்டட்டும்.

"கோர்ட்டு கேசுன்னு அலையவிட்ருவாங்க" என்ற பயம் பழையது; காரணமில்லாததும் அல்ல. வண்டி மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்காமல் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்திதான் பரமானந்த் கட்டாரா வழக்காகி, உயிர் காப்பதே முதல் கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தது. உதவியவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நீங்கள் பெயர் சொல்லத் தேவையில்லை, சாட்சியாக இருக்கக் கட்டாயம் இல்லை. பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இதற்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. 2021 டிசம்பர் முதல் இது நடப்பில் இருக்கிறது.

எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது. ஐயாவிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டேன். பக்கத்து அறையில் நான்கு பொம்மைகளைத் தரையில் படுக்கவைத்திருக்கிறோம். முன்வரிசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குச் சவாரி காத்திருக்கும். கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வேட்டி கட்டியிருப்பவர்கள் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், மண்டி போட வேண்டும். தேநீரும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் அமுக்கிய பிறகு தருவார்கள்.